இடது கையில் வேல்

"அம்மிணி, இந்தச் சாமிக்கு வலது கை சுளுக்கிக்கிச்சுங்களா? ஒரு படத்துல வேலை வலது கையில புடிச்சிருக்காரு, அடுத்த படத்துல இடது கைக்கு மாத்திட்டாரு."

தனசேகர் இதைச் சிரிப்புக்குத்தான் சொன்னான். அவன் பேசும் பத்து வாக்கியத்தில் எட்டு சிரிப்புக்கு, மீதி இரண்டு டீ கேட்பதற்கு. இருபது வருஷம் கேஸ் டேங்கர் ஓட்டி இடுப்பு தேய்ந்து போனபின், நாமக்கல்லில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கும் அறிவுச்செல்வியிடம் காரோட்டியாகச் சேர்ந்தவன். நாலே மாதத்தில் 'அசிஸ்டெண்ட்' என்று தானாகவே விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டான். அதையும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போதும் அவள் சிரிக்கவில்லை. அவன் கையிலிருந்த போனை வாங்கி, இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தாள். ராசிபுரம் பிரிவு ரோட்டில் ஒரு டீக்கடை ஓரம் கார் நின்றுகொண்டிருந்தது. மணி பதினொன்றே முக்கால். கையிலிருந்த டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

"தனசேகரண்ணா, இதை ராத்திரி பூரா நான் பாத்தேன். என் கண்ணுக்குப் படலையே!"

"நீங்க எழுத்தைப் பாத்திருப்பீங்க. எனக்குத்தான் அந்த எழுத்து தெரியாதே, பொம்மை பாத்தேனுங்க."

பின் சீட்டில் எருமப்பட்டி வெங்கடாசலம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். சின்ன வெங்காயம் போடும் விவசாயி. ஒரே மகள் தீபிகா. இருபத்திரண்டு வயசு. ஜார்ஜியா நாட்டில், திபிலிசியில், டாக்டருக்குப் படிக்கிறாள். லீவு முடிந்து திரும்பிப் போனவளை அங்கே ஏர்போர்ட்டிலேயே பிடித்து உள்ளே வைத்து இன்றோடு பதினோரு நாள் ஆகிறது.

அவள் பெட்டியில் அம்மா அத்தாயி இடித்துக் கொடுத்த பருப்புப் பொடி டப்பா இருந்தது. பொடிக்கு நடுவில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டி புதைந்திருந்தது. அதற்குள் இரண்டு ஈய வில்லைகள். ஒவ்வொன்றும் பழைய ஒரு ரூபாய்க் காசு அகலம். அந்த நாட்டில் ஒரு சின்ன மியூசியத்தின் டிராயரிலிருந்து அப்படி ஒரு வில்லை போன வருஷமே காணாமல் போயிருந்தது. மியூசியத் திருட்டு என்று கேஸ் எழுதிவிட்டார்கள். இன்று நம் நேரப்படி மூன்றரை மணிக்கு நீதிபதி முன்னால் விசாரணை. குற்றம் நிற்கிறது என்று அவர் சொல்லிவிட்டால் தீபிகா டாக்டர் ஆவது கிடக்கட்டும், முப்பது வயசுக்கு முன்னால் வெளியே வருவதே சந்தேகம்.

தீபிகா வாயைத் திறக்கவே இல்லை. யார் கொடுத்தது என்று எத்தனை முறை கேட்டாலும் மௌனம்தான். அவளுக்கு வக்கீல் பிடித்துக் கொடுத்து மொழிபெயர்ப்பு செய்துகொண்டிருந்தவள் சரிதா. திருச்செங்கோட்டுப் பெண், கல்யாணமாகி அங்கேயே குடியேறியவள். படங்களை அனுப்பியதும் அவள்தான்.

"ஈயத்துக்கா ஒரு புள்ளைய உள்ள வெச்சிருக்காங்க? தங்கம்னாலும் ஒரு நாயம்."

"உங்க டேங்கர் வால்வுல கம்பி கோத்து ஒரு ஈயக் குண்டை வெச்சு அமுக்குவாங்களே, அது என்னத்துக்குண்ணா?"

"வழியில எவனும் தொறந்து பாத்துரக்கூடாதுன்னு. சீல் ஒடஞ்சிருந்தா டிரைவர் கழுத்துலதான் கத்தி."

"இதுவும் அதேதான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வால்வுக்குப் பதிலா கடுதாசி. கான்ஸ்டான்டினோபிள்ல பைசாந்தியப் பேரரசர் இருந்தாரு. அவரு பட்டாளத்தை நடத்த வெளியாள் வேணும். பக்கத்து மலைநாட்டு ஜார்ஜியப் பிரபுக்கள் பல பேரு அங்க வேலைக்குப் போயி தளபதி ஆனாங்க, எல்லைக் கோட்டைக்கு அதிகாரி ஆனாங்க. கடுதாசி எழுதி நூல்ல கட்டி, நூல் மேல ஈயத்தை வெச்சு இடுக்கியில ஒரே அமுக்கு. ஒரு பக்கம் கும்புடற புனிதர், மறுபக்கம் கிரேக்க எழுத்துல தன் பேரும் பதவியும். இதுல பேரு பாதி அழிஞ்சிருக்கு. கோட்டைத் தளபதின்னு பதவி மட்டும் மிச்சம்."

"வெளிநாட்டு வேலைக்குப் போன பசங்கன்னு சொல்லுங்க. அப்பவும் ஒரு ஏஜென்ட் இருந்திருப்பான், பாதி சம்பளத்தை அவன் தின்னிருப்பான்."

பின் சீட்டில் வெங்கடாசலம் அசைந்து உட்கார்ந்தார். தனசேகர் நாக்கைக் கடித்துக்கொண்டான். மகள் உள்ளே கிடக்கத் தவிப்பவர் முன்னால் என்ன பேச்சு இது என்று அவனுக்கே உறைத்தது. நேற்று அத்தாயிதான் ஆபீசுக்கு வந்து அழுதாள். இவர் வாசலிலேயே நின்றார். இன்றைக்கும், "சீட் வாங்கிக் கொடுத்த ஏஜென்டைத் தேடிப் போறோம், அடையாளம் காட்ட யாராச்சும் வேணும்" என்று அறிவுச்செல்வி கேட்டதால்தான் வந்திருக்கிறார்.

"அண்ணா, கவனிங்க. அந்த இடுக்கி இரும்பு. ஒரு தாடையில புனிதர், இன்னொரு தாடையில எழுத்து. அது தேய்ஞ்சு போற வரைக்கும் எத்தனை தடவை அமுக்கினாலும் ஒரே படம்தான் வரும். புனிதர் வலது கையில வேல், இடது கையில கேடயம். இந்த ரெண்டாவதுல பாருங்க, மொத்த உருவமும் கண்ணாடியில பாத்த மாதிரி திரும்பியிருக்கு. ஆனா பின்பக்க எழுத்து திரும்பலை, சரியா இருக்கு."

"அப்படின்னா யாரோ தெரிஞ்சேதான் உருவத்தை மட்டும் திருப்பியிருக்காங்க."

"ஏன் திருப்பணும்? போலி செய்யறவன் அச்சு அசலாத்தானே செய்வான்?" அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "அண்ணா, உங்க பொண்ணு சீருக்குக் கொலுசு வாங்கினீங்களே, மயில் டிசைன். அந்த மயிலு எந்தப் பக்கம் பாத்துச்சு?"

"ஒரு காலுல இந்தப் பக்கம், இன்னொரு காலுல அந்தப் பக்கம். ரெண்டு காலையும் சேத்து வெச்சா மயிலு ரெண்டும் மூஞ்சிய மூஞ்சி பாக்கும். ஒரே பக்கம் பாத்தா அது ஜோடியே இல்லீங்களே..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டான். அவள் போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஜார்ஜிய சுங்கக்காரர்கள் எடுத்த படம் அது. வில்லைகளுக்கு அடியில் மெல்லிய ரோஸ் நிறத் தாள் கசங்கிக் கிடந்தது.

"இந்தத் தாளை எங்க பாத்திருக்கீங்க?"

"நகைக்கடையில. வெள்ளிச் சாமான் எது வாங்குனாலும் இதுலதானே மடிச்சுத் தருவாங்க."

"திபிலிசியில உக்காந்திருக்கிறவனுக்கு அது வெறும் காகிதம். நமக்கு?" அவள் குரலில் ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு துள்ளல் தெரிந்தது. "இது சேலத்துக் கொலுசுக்காரர் கை. ஜோடியா வெட்டிப் பழகின கை."

அங்கேயே உட்கார்ந்தபடி சரிதாவுக்கு மெசேஜ் அடித்தாள். 'உருவம் திரும்பியிருப்பதைச் சுட்டிக்காட்டவும். இரண்டுமே சேலத்தில் செய்த போலி. மியூசியத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.' அனுப்பிவிட்டு டீயை ஒரே மடக்கில் குடித்தாள்.

தனசேகருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பின்னால் திரும்பினான். "கேட்டீங்களா மாமா? வெறும் பொம்மைன்னு ஆயிருச்சு. பொம்மை வெச்சிருந்தா எந்த ஊர்லயும் ஜெயில் கெடையாது!"

வெங்கடாசலம் சிரிக்கவில்லை. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "அப்ப... செஞ்சது யாருன்னும் கண்டுபுடிச்சுப் போடுவீங்களா அம்மிணி?"

"கண்டுபுடிக்கத்தானுங்க போறோம்."

அவர் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாவம், நம்பிக்கை வைக்கவே பயமாக இருக்கிறது போல என்று தனசேகர் நினைத்தான்.

*

சேலத்தில் கொலுசுப் பட்டறைகளை எண்ணி முடிக்க ஒரு ஜென்மம் போதாது. ஆனால் அறிவுச்செல்வி பட்டறையைத் தேடவில்லை. வழியிலேயே மூன்று வெள்ளி வியாபாரிகளுக்குப் போன் போட்டு ஒரே கேள்வி கேட்டாள். இரும்பு அச்சில் பூ, மாங்காய், மயில் வெட்டுபவர் ஏராளம். ஆள் உருவத்தை முகம் தெரிய வெட்டுபவர் யார்? மூன்று பேரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். அம்மாபேட்டை குருமூர்த்தி.

அம்மாபேட்டைக்குள் கார் நுழைந்தபோது மணி ஒன்றாகப் போகிறது. இரண்டு பக்கமும் தறிச் சத்தம். சந்து சந்தாகப் பிரிந்த தெருவில் தனசேகர் இரண்டு முறை தவறாகத் திரும்பி, இரண்டு முறையும் கூகுள் அம்மாவைத் திட்டினான்.

"இப்ப லெஃப்டுங்களா?"

"ஆமா. பாத்துத் திருப்புங்க, திரும்புன ஒடனே சாக்கடை மூடி ஒடஞ்சு கெடக்கும்," என்றார் பின்னாலிருந்து வெங்கடாசலம்.

தனசேகர் பார்த்துத் திருப்பினான். மூடி உடைந்துதான் கிடந்தது. சக்கரம் தப்பித்தது. "நல்ல வேளை மாமா" என்று நன்றி வேறு சொல்லிவிட்டு வண்டியை ஓரம் கட்டினான். அறிவுச்செல்வி ரியர்வியூ கண்ணாடியில் ஒரு நிமிஷம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறங்குங்க, போலாம்."

"எனக்குத் தலை சுத்துதுங்க அம்மிணி. நான் வண்டியிலயே இருக்கறேன்."

"சரி, இருங்க," என்றாள் அவள்.

பட்டறை ஒரு ஓட்டு வீட்டின் முன் அறை. மூலையில் கையால் சுற்றும் பிரஸ், சுவரோரம் வரிசையாக இரும்பு அச்சுகள், தரையில் பாய் விரித்து அதில் கொலுசுகள் பரப்பியிருந்தன. குருமூர்த்தியின் மனைவி ராசம்மாள் அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து ரோஸ் தாளில் மடித்துக்கொண்டிருந்தாள். குருமூர்த்தி கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டியபடியே நிமிர்ந்தார்.

அறிவுச்செல்வி எந்தப் பீடிகையும் போடவில்லை. போனை நீட்டினாள்.

குருமூர்த்தி பார்த்தார். ஓடி ஒளிவார், மழுப்புவார் என்று தனசேகர் கதவருகில் நின்று வழியை மறித்திருந்தான். மனுஷன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"அட, நம்ம அயிட்டமுங்க! நாம வெட்டுனதுதான். ஏனுங்க மேடம், வேலையில எதாச்சும் கொறையா? மொகம் நல்லா வந்திருக்குமே."

"கொறையே இல்லீங்க," என்றான் தனசேகர். "ஏர்போர்ட்டே எந்திரிச்சு நின்னு பாத்துச்சு."

"யாருக்காகச் செஞ்சீங்க?" என்று கேட்டாள் அறிவுச்செல்வி.

"நாமக்கல்ல புள்ளைங்கள வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பறாரே, கலையரசன் சாரு, அவருதானுங்க. சர்ச்சுல போட்டுக்கற டாலரு, இதே மாதிரி ஒண்ணு வேணும்னு பழசு ஒண்ணக் கொண்டாந்து கொடுத்தாரு. ஈயத்துல எதுக்குங்க டாலருன்னு கேட்டேன். அங்க அதுதான் வழக்கம்னாரு. நமக்கென்ன தெரியும்?"

கலையரசன். தீபிகாவுக்கு சீட் வாங்கிக் கொடுத்த அதே ஏஜென்ட். பதினோரு நாளாக அவன் ஆபீஸ் பூட்டியிருக்கிறது, போன் அணைந்திருக்கிறது. தனசேகர் உள்ளங்கையில் குத்திக்கொண்டான். மாட்டினான்!

அறிவுச்செல்வியின் முகத்தில் மட்டும் வெற்றி இல்லை. அவள் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பழசு ஒண்ணக் கொடுத்தாருன்னு சொன்னீங்க. இந்தப் படத்துல ரெண்டு இருக்கு. ரெண்டுமே நீங்க செஞ்சதா?"

"இல்லீங்களே. இடது கையில வேல் இருக்குதே, அதுதான் நம்மளது. வலது கைக்காரரு அவரு மாதிரிக்குக் கொடுத்த பழசு."

அறிவுச்செல்வி படத்தை மறுபடியும் பெரிதாக்கினாள்.

"பழசு எப்படிங்க புதுசோட ஒரே பெட்டிக்குள்ள போச்சு?" அவள் குரல் தரைக்கு இறங்கிவிட்டது.

குருமூர்த்தி மனைவியைப் பார்த்தார். ராசம்மாள் கையில் இருந்த கொலுசை வைத்துவிட்டு, என்ன தப்பு நடந்தது என்றே புரியாமல் பதில் சொன்னாள்.

"பேக்கிங் நாந்தானுங்க. அவரு ஒண்ணுதான் கேட்டிருக்காரு, பழச அப்புறமா வந்து வாங்கிக்கறேன்னாராம். எனக்கு அது தெரியாதுங்க. மேசை மேல ரெண்டும் கெடந்துச்சு. ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம், ஜோடி சேந்திருந்துச்சு. மடிச்சு வெச்சிட்டேன். நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து இந்தப் பட்டறைய விட்டு ஒத்தப் பீசு வெளிய போனதில்லீங்க. ஒத்தக் கொலுசு யாராச்சும் கொடுத்து விடுவாங்களா?"

"அதான் நானும் உருவத்தைத் திருப்பி வெட்டினேன்," என்றார் குருமூர்த்தி. "பழசு ஒண்ணு கையில இருக்கயில அதுக்கு இணைதானுங்களே செய்யணும்? ரெண்டும் ஒரே பக்கம் பாத்தா நல்லாவா இருக்கும்?"

தனசேகருக்கு எல்லாம் ஒரே சமயத்தில் விளங்கியது. கலையரசன் மியூசியத்து அசலை எவன் மூலமோ இங்கே வரவழைத்து, ஒரு போலி செய்து, காணாமல் போனது கிடைத்துவிட்டதாகக் காட்ட அந்தப் போலியை மட்டும் டிராயருக்குள் திருப்பி வைக்கப் பார்த்திருக்கிறான். அசலை வேறு எங்காவது விற்றிருப்பான். வேலைப்பாடு தெரிந்த இந்த நல்ல மனுஷர்கள் அசலையும் சேர்த்துப் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டார்கள். ஒன்று போலி என்று நிரூபித்தால், அதற்கு மாதிரியாக இருந்த மற்றது அசல் என்று தானாகவே நிரூபணமாகிவிடும். அதைத்தான் தாங்களே ராசிபுரத்தில் டீ குடித்துக்கொண்டே எழுதி அனுப்பியிருந்தார்கள்.

அறிவுச்செல்வி போனை எடுப்பதற்குள் அதுவே அடித்தது. சரிதா.

"அக்கா, நீங்க அனுப்பின பாயின்ட்டை வக்கீல் அப்பவே அரசுத் தரப்புகிட்ட கொடுத்துட்டாரு. மியூசியத்து ஆளை வரவெச்சுப் பாத்தாங்க. சரிதான், இடது கை போலின்னு அவரே ஒத்துக்கிட்டாரு. ஆனா இன்னொண்ணு எங்களோடதேதான், ஓரத்துல இருக்கிற வெட்டு எங்க போட்டோவுல இருக்குன்னு சொல்லிட்டாரு. இப்ப திருட்டோட சேத்து மாத்தி வைக்கறதுக்கு சதின்னும் எழுதறாங்க."

"தீபிகா?"

"அதை எப்படிச் சொல்றது... போலி எங்க செஞ்சதுன்னு போலீஸ் சேலம் பேரைச் சொல்லிக் கேட்டதும், பதினோரு நாளா பேசாத பொண்ணு பேசிருச்சு அக்கா. ரெண்டும் என்னோடது, நானே வாங்கினேன், நானே பொடி டப்பாவுல வெச்சேன், வேற யாருக்கும் தெரியாதுன்னு. கையெழுத்தும் போட்டுருச்சு."

அறிவுச்செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாலு வருஷத்தில் அவள் இப்படி உட்கார்ந்து தனசேகர் பார்த்ததில்லை.

"அவசரப்பட்டுட்டேண்ணா. ஒண்ணு போலின்னு தெரிஞ்சதும் ரெண்டும் போலின்னு நானே முடிவு பண்ணிட்டேன். அந்தப் பொண்ணு கழுத்துல நானே கயித்தைப் போட்டேன்."

"பொம்மை பாத்துச் சொன்னது நாந்தானுங்க," என்றான் அவன். அவளை எழுப்பக் கையை நீட்டினான்.

அவள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "குருமூர்த்தி ஐயா, பெட்டியை வாங்கிட்டுப் போனது கலையரசன்தானா?"

"இல்லீங்க. அவரு ஆள் அனுப்புனாரு. தோட்டங்காட்டுக்காரரு. ஏர்போர்ட்டுக்குப் போற வழின்னு சொல்லி அவசர அவசரமா வாங்கிட்டுப் போனாரு."

"தெரியும்," என்றாள் அறிவுச்செல்வி. "கொஞ்சம் வெளிய வாங்க."

குருமூர்த்தி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். காரைப் பார்த்தார். பின் சீட்டைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அட, வண்டியிலயே உக்காந்துட்டீங்களே! வாங்க வாங்க. அன்னிக்கும் டீ குடிக்காம ஓடிட்டீங்க."

வெங்கடாசலம் கண்ணை மூடிக்கொண்டார்.

*

தனசேகருக்குக் கோபம்தான் முதலில் வந்தது. காலையிலிருந்து இந்த மனுஷனை மாமா மாமா என்று கூப்பிட்டுத் தேற்றியிருக்கிறான். கதவைத் திறந்து வெளியே இழுத்துவிடலாம் என்று கை போனது. அறிவுச்செல்வி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உங்களுக்கு எப்பங்க தெரியும்?" என்று அவளிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"நேத்தே சந்தேகம். பொடி இடிச்சது அத்தாயி அக்கா, டப்பாவை ரொப்புனதும் அவங்க. அவங்க கண்ணுல தண்ணி வத்தலை. இவரு மட்டும் வாசல்லயே நின்னாரு, என்னை நிமிர்ந்து பாக்கலை. சாக்கடை மூடியில முடிவாச்சு." அவள் ஜன்னல் பக்கம் குனிந்தாள். "சொல்லுங்க. உங்க வாயில இருந்து வரணும்."

வெங்கடாசலம் துண்டைத் தலையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"காலேஜு மேடத்துக்குக் கொலுசுன்னுதான் அந்தக் கலையரசன் சொன்னானுங்க அம்மிணி. வழியில வாங்கிப் பெட்டியில வெச்சிருங்கன்னான். வாங்குனப்பறம் தொறந்து பாத்தேன். கொலுசு இல்லை. போன் போட்டேன். புள்ளைக்குத் தெரிய வேண்டாம், பொடிக்குள்ள வெச்சிருங்க, கடைசி வருஷம் ஆஸ்பத்திரி டிரெய்னிங் என் கையிலதான் இருக்குதுன்னான். பாப்பா கடையில தண்ணி வாங்கப் போயிருந்துச்சு. அப்ப வெச்சேன்."

"அப்புறம் ஏனுங்க வாயத் தொறக்கலை?" தனசேகரின் குரல் தெருவுக்கே கேட்டது. "பதினோரு நாளு!"

"புடிச்ச அன்னிக்கே வேற நம்பர்ல கூப்புட்டானுங்க. நீங்க பேசுனா அப்பனும் மகளும் சேந்து செஞ்ச திருட்டுன்னு ஆயிரும், பேசாம இருங்க, ரெண்டு வாரத்துல வெளிய எடுத்துப் போடறேன்னான். நம்பிட்டேன். பயந்துட்டேன் சாமி. நான் பேசாம இருந்தா பாப்பாவுக்கு நல்லதுன்னு..."

"அவளும் அதையேதான் செஞ்சிட்டு இருக்கா," என்றாள் அறிவுச்செல்வி. "டப்பாவைத் திறந்த நிமிஷமே அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். அம்மா வெச்சிருக்க மாட்டாங்க, அப்பாதான்னு. உங்களைக் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னு இத்தனை நாள் பேசலை. இன்னிக்குச் சேலம்னு பேரு வந்ததும், அடுத்து உங்க பேரு வந்துரும்னு பயந்து, எல்லாம் நாந்தான்னு கையெழுத்துப் போட்டுட்டா."

வெங்கடாசலம் கதவைத் திறந்துகொண்டு அவராகவே இறங்கினார்.

"எங்க சொல்லோணும்? யாருகிட்டச் சொல்லோணும்? கெளம்பலாம் அம்மிணி."

*

மூன்றரைக்குக் குருமூர்த்தியின் பட்டறையிலேயே போனை ஒரு அச்சு மேல் சாய்த்து வைத்தார்கள். அந்தப் பக்கம் நீதிமன்றம். நீதிபதி அனுமதி கொடுத்துவிட்டார் என்று சரிதா சொன்னாள். திரையின் ஓரத்தில் தீபிகா தெரிந்தாள். இளைத்துப் போயிருந்தாள். அப்பாவைப் பார்த்ததுமே வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

வெங்கடாசலம் கைகூப்பிக்கொண்டு சொன்னார். பேர், ஊர், எந்த நாள், யார் சொன்னது, எங்கே வாங்கியது, எப்படிப் புதைத்தது. எதையும் விடவில்லை. சரிதா ஒவ்வொரு வரியாக மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அவர் முடிப்பதற்குள் தீபிகா எழுந்துவிட்டாள். "பொய்! எங்கப்பா பொய் சொல்றாங்க. என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றாங்க. அவங்களுக்கு இதெல்லாம் என்னன்னே தெரியாது!"

காவலர்கள் அவளை உட்கார வைத்தார்கள். நீதிபதி ஏதோ கேட்டார். சரிதாவின் குரல் தயங்கியது. "தகப்பன் மகளுக்காகச் சொல்றதை எப்படி நம்பறதுன்னு கேக்கறாரு. வேற சாட்சி இருக்கான்னு கேக்கறாரு."

வெங்கடாசலம் கையைக் கூப்பியபடியே நின்றார். பதினோரு நாள் ஒளித்த உண்மையைச் சொல்லியும் அது செல்லவில்லை. அந்த நிமிஷத்தில் தனசேகருக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் வடிந்துவிட்டது.

குருமூர்த்தி முன்னால் நகர்ந்தார். ராசம்மாள் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள். "வேணாங்க. நம்ம தொழிலே போயிரும். போலீசு வந்து அச்செல்லாம் அள்ளிட்டுப் போயிருவாங்க."

"போகட்டும் விடு," என்றார் அவர். அலமாரியைத் திறந்து இரண்டு இரும்பு அச்சுகளை எடுத்துவந்தார். ஒன்றில் வேல் பிடித்த புனிதர், மற்றதில் அந்தத் தளபதியின் பதவி. இரண்டையும் போனுக்கு நேராகப் பிடித்தார். "வெட்டுனது நானுங்க. பெட்டியைக் கொடுத்தது இவரு கையிலதான். அந்தப் பொண்ணை நான் கண்ணால பாத்ததில்லை. இது எங்க குலதெய்வத்து மேல சத்தியம்."

அந்தப் பக்கம் நீண்ட பேச்சு நடந்தது. கால் மணி நேரம் கழித்து சரிதா பேசினாள். தீபிகாவை இன்றைக்கே விடுகிறார்கள். பாஸ்போர்ட் கோர்ட்டில் இருக்கும், சரிதா வீட்டில் தங்கலாம், இனி அவள் சாட்சி மட்டும்தான். கலையரசனையும் வெங்கடாசலத்தையும் பிடித்து விசாரிக்கச் சொல்லி இந்தியாவுக்கு எழுதுகிறார்கள்.

அறிவுச்செல்வி ஏற்கெனவே ஸ்டேஷனுக்குப் போன் செய்திருந்தாள். ஜீப் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். ராசம்மாள் ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து வெங்கடாசலத்தின் பக்கத்தில் வைத்தாள். அவர் அதைக் குடித்தார். பிறகு தன் பழைய பட்டன் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார்.

"அத்தாயி... பாப்பாவ விட்டுட்டாங்க."

மறுமுனையில் அத்தாயி அழுவதும், சாமி பெயரைச் சொல்லிக் கும்பிடுவதும் போனுக்கு வெளியே வரைக்கும் கேட்டது. நல்ல வார்த்தை சொன்னீங்க, நல்ல வார்த்தை சொன்னீங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"நீங்க எப்ப வாரீங்க? சோறு வடிச்சு வெக்கட்டுமா?"

வெங்கடாசலம் தெருமுனையைப் பார்த்தார். போனைத் தனசேகரிடம் நீட்டினார்.

தனசேகர் வாங்கினான். தெருமுனையில் ஜீப் திரும்பும் சத்தம் கேட்டது.

"அக்கா, நான் டிரைவர் தனசேகர் பேசறேனுங்க," என்றான். "மாமாவுக்கு வடிக்க வேண்டாம். நான் வாரேன். உங்ககிட்ட உக்காந்து சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்குதுங்க."